ஆடாத உதடு

செத்துப்போன மனிதனின் முகத்துக்குக் கீழே கட்லெட் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

அழகர்கோவில் ரோட்டில் இருந்த ஹோட்டலின் முதல் மாடி ஹால். வெளியே காலை வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை போட்டு இருட்டாக்கி, சுவரில் மாட்டிய புகைப்படங்களுக்கு மட்டும் குட்டிக் குட்டி விளக்கு வைத்திருந்தார்கள். ரூம் ஸ்ப்ரே வாசனையும் எண்ணெய்ப் பலகார வாசனையும் சேர்ந்து அடித்ததில் தனியார் துப்பறிவாளர் பாண்டிமீனா மூக்கைப் பொத்தினாள்.

"மூஞ்சியச் சுளிக்காதீகக்கா. இங்க நாம கலாரசிகர்கள்" என்றான் உதவியாளன் ஜுல்பிகர். அவன் கையில் அதற்குள் ஒரு தட்டு வந்திருந்தது.

"வந்து கால் வைக்கல. அதுக்குள்ள தட்டா?"

"திங்காம நின்னா சந்தேகம் வரும்கா. இந்த ஹாலுல திங்காம இருக்கது ரெண்டே பேரு. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு அவரு."

அவன் காட்டிய திசையில் எதிர்ச்சுவர் முழுவதையும் அந்தப் படம் அடைத்திருந்தது. சோழவந்தான் விருமாண்டி. நாட்டுப்புறப் பாடகர். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் மைக் ஸ்டாண்டைப் பிடித்தபடி, கண் மூடி, வாய் திறந்து, தலை லேசாகச் சாய்ந்திருந்தார். பின்னாலிருந்து விழுந்த ஒற்றை மஞ்சள் விளக்கு அவர் தாடியைப் பொன்னாக்கியிருந்தது. ஃப்ரேமுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அடியில் தலைப்பு: 'கரைதல்.' அதன் முன்னால் செல்ஃபி எடுக்க வரிசை நின்றது.

போன மாதம் ஒத்தக்கடையில் புதிதாகத் திறந்த ஏ.சி. மஹாலில் விருமாண்டி கச்சேரி. கடைசிப் பாட்டில் எடுத்த படம் இது. படம் எடுத்த கொஞ்ச நேரத்தில் அவர் இறந்துபோனார். இசையிலேயே கரைந்துபோன மகான் என்று ஊர் உலகமெல்லாம் படத்தைப் பரப்பியது. எடுத்த போட்டோகிராபர் பீமாராவ் ஒரே வாரத்தில் பெரிய ஆள் ஆகிவிட்டார்.

அதே வாரத்தில் விருமாண்டியின் மனைவி கனகலட்சுமி கொலைகாரி ஆகிவிட்டாள்.

காரணம், கச்சேரியை நடத்திய செல்வக்குமார் டி.வி.க்காரர்களிடம் சொன்ன வாக்குமூலம். "பாட்டை முடிச்சுட்டுச் சிரிச்ச முகமா நடந்து வந்தாரு. ரூம்ல அவங்க சம்சாரம் வெத்தல மடிச்சுக் குடுத்தாங்க. வாயில போட்டவரு அப்படியே சாஞ்சிட்டாரு."

போதாதா? உள்ளுறுப்புப் பரிசோதனை ரிப்போர்ட் வர நாளாகும். தீர்ப்பு எழுத யூடியூபுக்கு அது தேவைப்படவில்லை. 'கொடிக்கால் வெற்றிலையில் விஷமா?' என்று சிவப்பு வட்டம் போட்டுக் கேட்டார்கள். விருமாண்டியின் தம்பிகள் அண்ணிக்கு வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டார்கள். கருமாதியில்கூட அவளைக் கிட்டே விடவில்லை. தினம் ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வந்துகொண்டிருந்தவள் பாண்டிமீனாவைத் தேடி வந்து ஒன்றைத்தான் சொன்னாள்.

"நான் ரூமுக்குள்ள போகையிலேயே சோபாவுல கெடந்தாருக்கா. வெத்தலப் பையை நான் தொறக்கவே இல்ல. ஒரு பயலும் நம்ப மாட்டேங்கிறான்."

ஆகவே கேள்வி ஒன்றுதான். மேடையை விட்டு விருமாண்டி நன்றாக இறங்கினாரா, இல்லையா? இசைக்குழுவை விசாரித்தாகிவிட்டது. மஹால் ஆட்களை விசாரித்தாகிவிட்டது. எல்லோரும் சொன்னார்கள், சிரித்த முகமாக நடந்து வந்தார் என்று. அதே சொற்கள், அதே வரிசை.

"பத்துப் பேரும் ஒரே மாதிரி சொன்னா அது சாட்சி இல்ல ஜுல்பி, மனப்பாடம்" என்று பாண்டிமீனா அப்போதே சொல்லியிருந்தாள்.

மனப்பாடம் செய்யத் தெரியாத சாட்சி ஒன்று மிச்சமிருந்தது. அது இந்தச் சுவரில் தொங்கியது.

செல்போனில் தீப்பெட்டி அளவில்தான் அவள் இதுவரை படத்தைப் பார்த்திருந்தாள். இப்போது கிட்டே போனாள். ஓர் அம்மாள் செல்ஃபி எடுத்து முடிக்கும் வரை காத்திருந்து, இன்னும் கிட்டே போனாள். விருமாண்டிக்குப் பின்னால் உறுமிக்காரர் இருந்தார். அவருடைய கை இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு தீற்றல். ரசிகர்கள் எறிந்த சாமந்தி இதழ்கள் காற்றில் மஞ்சள் கோடுகளாக இழுபட்டிருந்தன. விருமாண்டியின் தாடியில் மட்டும் ஒவ்வொரு முடியையும் தனித்தனியாக எண்ணலாம் போலிருந்தது.

"எப்படி இருக்கு மேடம்?"

பீமாராவ். கறுப்பு ஜிப்பா, விரலுக்கு விரல் வெள்ளி மோதிரம். கட்லெட் எண்ணெயை டிஷ்யூவில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேச்சே வரல சார்" என்றாள் பாண்டிமீனா. அது உண்மைதான். "நாங்க காரைக்குடியில ஒரு இசை மன்றத்துலேர்ந்து வாரோம். இம்புட்டு இருட்டுல ஃப்ளாஷ் இல்லாம எப்படி சார் இது?"

அவ்வளவுதான். மதகு திறந்துகொண்டது.

"ஃப்ளாஷ் அடிக்கிறவன் போட்டோகிராபரே இல்ல மேடம். பாடுறவர் தவத்துல இருக்கார். மூஞ்சிக்கு நேரா பளிச்சுனு அடிச்சா தவம் கலைஞ்சிடும்ல? இருக்கிற வெளிச்சத்தைப் பிச்சை எடுக்கணும். லென்ஸோட கண்ணை முழுசாத் திறந்து வச்சிடணும். ஷட்டரை மெதுவா விடணும். இது ஒரு செகண்டுல பதினஞ்சில ஒரு பங்கு."

"அது மெதுவா சார்? எங்க சம்பளம் வார வேகத்தப் பாத்தா மின்னலா தெரியுதே" என்றான் ஜுல்பிகர்.

"கேமராவுக்கு அது ரொம்ப மெதுவு தம்பி. அந்த நேரத்துல எது அசைஞ்சாலும் படத்துல கோடா இழுவிடும். அந்தக் கையைப் பாருங்க, பூவைப் பாருங்க."

"கிட்டத்துல எடுக்க ஜூம் போட்டீங்களா?" என்றாள் பாண்டிமீனா.

பீமாராவ் பரிதாபமாகப் பார்த்தார். "ஜூம் லென்ஸ் இந்த இருட்டுக்கு ஆகாது மேடம். என்னோடது ஒரே அளவு லென்ஸ். பெரிசா வேணும்னா நான் முன்னால போகணும். சின்னதா வேணும்னா நான்தான் பின்னால வரணும். என் கால்தான் ஜூம். மேடைக்கும் முன் வரிசைக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும். அதுல நான் ஒருத்தன்தான் நின்னேன். வேற யாருக்கும் அனுமதி இல்ல."

"அப்ப பாடுற உதடு மட்டும் எப்படி சார் இழுவாம இருக்கு?"

"இழுத்து நிக்கிற இடம் பாத்து அடிக்கணும். ஒரே ஸ்வரத்துல நிப்பாங்க பாருங்க, அந்த இடம். அனுபவம் மேடம்." யாரோ கூப்பிட, அவர் கையசைத்துவிட்டு நகர்ந்தார்.

பாண்டிமீனா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். கனகலட்சுமி முன் வரிசையில் உட்கார்ந்து எடுத்த வீடியோ. மேடை வெறும் மஞ்சள் பொட்டாகத்தான் தெரிந்தது. சத்தம் மட்டும் சுத்தமாக விழுந்திருந்தது. இயர்போனில் ஒன்றை ஜுல்பிகர் காதிலும் மற்றதைத் தன் காதிலும் வைத்தாள்.

"பூ எப்ப விழுதுன்னு மட்டும் பாரு."

கடைசிப் பாட்டு. விருமாண்டியின் பேர்போன முடிப்பு. 'வைகை வத்துனாலும் வாயி வத்தாதுடி, வாயி வத்துனாலும் வம்பு வத்தாதுடி' என்று மூச்சு விடாமல், உறுமியோடு போட்டி போட்டுக்கொண்டு சொற்கள் பாய்ந்தன. அந்த வேகம் உச்சிக்கு ஏறும்போதுதான் மஞ்சள் பொட்டின் குறுக்கே பூ மழை பெய்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஜுல்பிகர் மெல்லுவதை நிறுத்தினான். படத்தைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

"அக்கா. பாட்டு எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி ஓடுது. இவரு வாயி ஸ்டேஷன் மாதிரி நிக்குதே."

"இழுத்து நிக்கிற இடமா அது?"

"மூச்சு விடுறதுக்கே இடமில்லக்கா." அவன் குரல் தாழ்ந்தது. "அப்ப பாடுனது யாரு?"

"அவர்தான். அன்னிக்கு இல்ல, என்னிக்கோ. ஒத்திகையில பதிவு பண்ணி வச்ச ட்ராக்கை ஓடவிட்டிருக்கானுக. ட்ராக்குக்கு வாயசைக்கிறது ஊர்ல நடக்கிறதுதான், விடு. ஆனா வாயசைக்கணும்ல? உதடு ஆடல, தாடை ஆடல, தாடியில ஒரு முடி ஆடல. பாட்டும் உடம்புமா ஆடுற மனுசன் கல்லு மாதிரி உக்காந்திருக்காருன்னா என்ன அர்த்தம்?"

ஜுல்பிகர் தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டான்.

அதே நேரம் மைக்கில் செல்வக்குமார் பேச ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். "ஒரு கலைஞனுக்கு இதைவிட நல்ல சாவு உண்டா? பாடி முடிச்ச ஆனந்தத்துலயே போறது எல்லாருக்கும் கிடைக்காத பாக்கியம்!" கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்லெட்டை எடுத்தார்.

"இவனுகளுக்கு நடுவுல நின்னதுக்கே குளிக்கணும் போல இருக்கு" என்றாள் பாண்டிமீனா பல்லைக் கடித்து. "வா. இந்த ஒரு படம் பத்தாது. இதுக்கு முன்னாடி எடுத்தது வேணும்."

"கேட்டா குடுப்பானாக்கா?"

"கேட்டா குடுக்க மாட்டான். பாராட்டுனா குடுப்பான்."

ஹாலின் மூலையில் பெரிய டி.வி. ஒன்றில் பீமாராவின் மற்றப் படங்கள் மாறி மாறி ஓடின. தவில், நாதஸ்வரம், கிதார், வியர்வை. பக்கத்து மேஜையிலிருந்த அவருடைய டேப்லெட்டிலிருந்துதான் அது ஓடிக்கொண்டிருந்தது. பாண்டிமீனா அங்கே போய் அவரைப் பிடித்தாள்.

"சார், எங்க மன்றம் ஒரு காலண்டர் போடுது. மாசத்துக்கு ஒரு படம். பன்னெண்டுமே விருமாண்டி அய்யாதான், பன்னெண்டுமே நீங்க எடுத்ததா இருக்கணும்னு ஆசைப்படுறோம். அட்டையில உங்க பேரு பெரிசா வரும். ஆனா அம்புட்டுப் படம் இருக்கான்னுதான்..."

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க?" பீமாராவ் டி.வி.க்கு முதுகைக் காட்டி நின்று டேப்லெட்டை எடுத்தார். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். உள்ளே எங்கேயோ போய் ஒரு ஃபோல்டரைத் திறந்தார். "இதை யாருக்கும் காட்டினதில்ல. அந்தக் கடைசி நிமிஷங்கள். தொடர்ச்சியா எடுத்தது."

ஒன்றை அவர் மறந்துபோனார். டேப்லெட்டில் தெரிவதெல்லாம் டி.வி.யிலும் தெரிந்தது.

பாண்டிமீனா கவனித்தாள், வாயைத் திறக்கவில்லை. ஜுல்பிகரும் கவனித்தான். மெதுவாக நகர்ந்து பீமாராவுக்கும் டி.வி.க்கும் நடுவில் போய், தூண் மாதிரி நின்றுகொண்டான்.

முதல் படம். விருமாண்டியின் கண்கள் திறந்திருந்தன. நெற்றியெல்லாம் வியர்வை.

"இது ஜனவரிக்கு ஆகும்" என்றார் பீமாராவ்.

அடுத்தது. மைக்கைப் பிடித்திருந்த கைகளில் ஒன்று விலகி நெஞ்சுக்குப் போயிருந்தது. சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

"உருக்கம் பாருங்க."

அடுத்தது. மேடை ஓரத் திரைக்குப் பக்கத்தில் லேப்டாப் வெளிச்சம் அடித்த ஒரு முகம். செல்வக்குமார். உதட்டில் ஒற்றை விரல் வைத்திருந்தார், பேசாதே என்பதுபோல. பாண்டிமீனா இரண்டு விரலால் படத்தை விரித்தாள். அந்தக் கண்கள் உறுமிக்காரரைப் பார்க்கவில்லை, பாடகரையும் பார்க்கவில்லை. நேராக கேமராவைப் பார்த்தன.

"இவர் யாரை சார் 'உஷ்'ங்கிறாரு?"

"அதெல்லாம் வெட்டிடலாம் மேடம்" என்று பீமாராவ் அவசரமாகத் தள்ளினார்.

அடுத்த படத்தில் விருமாண்டியின் முகம் மங்கலாகப் பின்னால் போயிருந்தது. முன்னால், படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கை. விரித்த ஐந்து விரல். லென்ஸைத் தொட்டுவிடும் தூரத்தில். மணிக்கட்டோடு படம் வெட்டுப்பட்டிருந்தது.

அதற்கடுத்ததில் அதே கை. இப்போது தோள் வரை முழுதாக, அழகாக, முகத்தோடு சேர்ந்து ஃப்ரேமுக்குள் அடங்கியிருந்தது.

செல்வக்குமாரின் மைக் பேச்சு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

பாண்டிமீனா நிதானமாகக் கேட்டாள். "முதல்ல கை பாதிதான் விழுந்திருக்கு. அடுத்ததுல முழுசா விழுந்திருக்கே. எப்படி சார்?"

"பின்னால வந்தேன்ல, ரெண்டடி..." என்று தொழில் பெருமையில் ஆரம்பித்தவர், வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஆமா. உங்க கால்தான் ஜூம்."

ஜுல்பிகர் விலகிக்கொண்டான். பீமாராவ் திரும்பினார். டி.வி.யில் விருமாண்டியின் கை ஹாலைப் பார்த்து நீண்டிருந்தது. செல்ஃபி வரிசை கலைந்து, எல்லோரும் டி.வி.யின் முன்னால் நின்றார்கள். முன்பு செல்ஃபி எடுத்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசின் பக்கம் ஓடினாள்.

"ஒரு மனுசன் நெஞ்சு வலியில மூச்சு நின்னுபோற நேரத்துல பக்கத்துல இருந்த ஒரே ஆளைப் பாத்துக் கையை நீட்டியிருக்காரு" என்றாள் பாண்டிமீனா. "நீங்க அந்தக் கையைப் பிடிக்கல. அது ஃப்ரேமுக்குள்ள விழணும்னு பின்னால போயிருக்கீங்க."

"நான்... நான் போட்டோகிராபர் மேடம். நடக்கிறதுல தலையிடக் கூடாது. அது எங்க தர்மம். அந்த மாதிரி வெளிச்சம் மறுபடி..."

"ஒரே ஒரு தடவை ஃப்ளாஷ் அடிச்சிருந்தா அம்புட்டுப் பேரும் என்னன்னு பாத்திருப்பாகளே! ஆஸ்பத்திரி மஹாலுக்கு எதிர்த்தாப்புலயே இருந்துச்சு. இதுல கண்ணு திறந்த படத்தையெல்லாம் ஒளிச்சு வச்சு, கண்ணு மூடுனதுக்குப் பேரு வச்சு மாலை வேற போட்டிருக்கீங்க."

கதவுப் பக்கம் ஒரு சலசலப்பு. வெள்ளைச் சட்டை நழுவிக்கொண்டிருந்தது. ஜுல்பிகர் இரண்டே எட்டில் குறுக்கே போய் நின்றான்.

"எங்கண்ணே போறீக? கட்லெட் மிச்சம் இருக்கே."

"தம்பி, வழி விடு."

"விடுறேன்ணே. அன்னிக்கு அவரு கை நீட்டுனப்ப ஆஸ்பத்திரிக்குப் போக நீங்க வழி விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன்."

செல்வக்குமார் சுற்றிலும் பார்த்தார். ஒரு முகமும் அவருக்குச் சாதகமாக இல்லை. குரல் கீச்சிட்டது. "ட்ராக் ஓடிக்கிட்டு இருந்துச்சும்மா. நடுவுல நிப்பாட்டினா அவர் பாடலேங்கிறது ஊருக்கே தெரிஞ்சிடும். அவர் பேருதான் கெடும். அதான் பாட்டு முடியட்டும்னு... முடிஞ்ச உடனே திரையைப் போட்டு நாங்கதான் தூக்கிட்டுப் போனோம். ரூமுக்குப் போறதுக்குள்ள..."

"அப்ப சிரிச்ச முகமா நடந்து வந்தது?"

செல்வக்குமார் நெற்றிச் சந்தனத்தைத் துடைத்தார்.

"ட்ராக் விசயம் வெளிய வந்தா அவங்களுக்கும் பொழைப்பு போயிடும்னு பயமுறுத்தி இசைக்குழு வாயையும் மஹால் ஆளுக வாயையும் அடைச்சீங்க. அந்தப் பொம்பளை என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஏன் செத்தாருன்னு கேப்பாங்கல்ல" என்றார் செல்வக்குமார். ஏதோ நியாயம் சொல்பவர் போலத்தான் சொன்னார். "சொல்றதுக்கு ஒரு காரணம் வேணும்ல. அவங்க கையில வெத்தலப் பை இருந்துச்சு."

பாண்டிமீனாவுக்குக் கை பரபரத்தது. அடிக்கவில்லை. தொட்டால் கையைக் கழுவ வேண்டியிருக்கும் என்று தோன்றியது. ஒத்தக்கடை இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். அவர் வரும் வரை டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். விருந்தினர்கள் ஒவ்வொருவராகத் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். பெரிய படத்தை நிமிர்ந்து பார்க்க ஒருவருக்கும் தைரியம் இல்லை.

அன்று சாயங்காலம் சோழவந்தானில், கொடிக்காலுக்குள் கனகலட்சுமி வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். செய்தி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. கொழுந்தன்கள் இரண்டு பேரும் வந்து வரப்பில் நின்று, அண்ணி, வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் கொடிக்காலை விட்டு வெளியே வரவில்லையாம்.

பாண்டிமீனா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ட்ராக்கை, விரலை, நீண்ட கையை. கனகலட்சுமி கிள்ளுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டுத் தூரத்துலக்கா நின்னான் அந்தாளு?"

"கை எட்டுற தூரம்."

"அம்புட்டுக் கிட்டக்கவா?"

"ஆமாம்மா."

கனகலட்சுமியின் விரல்கள் நின்றன.

"கை நீட்டுனது எனக்கும் தெரிஞ்சுச்சுக்கா. நான் முன் வரிசையிலதான இருந்தேன். ஒரே இருட்டு, மூஞ்சி தெரியல. பின்னாடி வெளிச்சத்துல கை மட்டும் தெரிஞ்சுச்சு. பாட்டு வேற ஓடுதா... எனக்குத்தான் கை காட்டுறாருன்னு நெனச்சேன்."

வெற்றிலைக் கட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"நானும் சிரிச்சுக்கிட்டே கை காட்டுனேன்க்கா."